கரையில் இறங்க முடியாத சமையல்காரர்: அமெரிக்காவில் பிறந்தால் அமெரிக்கரா?

[திரையில்: சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். கப்பல் சங்கொலி.]

1895 ஆகஸ்ட் மாதம். சீனாவிலிருந்து புறப்பட்ட காப்டிக் என்ற நீராவிக் கப்பல் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்து சேர்கிறது. அதில் இருபதுகளில் இருக்கும் ஒரு சமையல்காரர். பெயர் வாங் கிம் ஆர்க். சீனாவில் இருக்கும் குடும்பத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். ஊர் என்றால் இதே சான்பிரான்சிஸ்கோதான். சாக்ரமென்டோ தெருவில் 751-ஆம் எண் கட்டடத்தில் பிறந்தவர்.

சுங்கத் துறைத் தலைவர் ஜான் வைஸ் அவரை இறங்க விடவில்லை. வாங் கையில் காகிதம் இல்லாமல் வரவில்லை. சீனாவுக்குக் கிளம்பும் முன்பே, இவரை எங்களுக்குத் தெரியும், இங்கேதான் பிறந்தார் என்று வெள்ளைக்காரர்கள் சிலரிடம் கையெழுத்து வாங்கி, புகைப்படம் ஒட்டிய சான்று வைத்திருந்தார். அதெல்லாம் செல்லவில்லை. காப்டிக் மறுபடி கிளம்ப வேண்டிய நாள் வந்ததும் அவரை கேலிக் என்ற கப்பலுக்கு மாற்றினார்கள். அப்புறம் பெல்ஜிக். சொந்த ஊர் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. நாலு மாதத்துக்கும் மேல் தண்ணீரிலேயே இருந்தார்.

[திரையில்: தலைப்பு. பின்னணி இசை அடங்குகிறது.]

வணக்கம். அமெரிக்க வரலாறு என்றால் வழக்கமாகக் கொலம்பஸில் தொடங்கி, வாஷிங்டன், லிங்கன் என்று ஒரு வரிசையில் போவார்கள். நாம் இந்தச் சமையல்காரரின் பின்னால் போகலாம். அடிமை முறை, ரயில் பாதை, குடியேற்றம், அரசியல் சாசனம் எல்லாமே இவர் வழக்கில் வந்து முட்டுகின்றன.

முதலில், சீனர்கள் அங்கே எப்படிப் போனார்கள்? 1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. தென்சீனாவிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் கப்பலேறினார்கள். தங்கம் வற்றியதும் ரயில் பாதை வேலை வந்தது. சியாரா நெவாடா மலையைக் குடைந்து மேற்கிலிருந்து கிழக்கே தண்டவாளம் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். 1869 மே 10-ஆம் தேதி, யூட்டாவில் இரண்டு பக்கத்துப் பாதைகளும் இணைந்தன. வேலை முடிந்தது. நாலு வருடத்தில் பொருளாதாரம் படுத்தது. கூலி குறைந்ததற்குக் காரணம் சீனன்தான் என்று மேடைக்கு மேடை பேச்சு. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரவே கூடாது என்று நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது. 1892-இல் அதை இன்னும் இறுக்கினார்கள்: ஏற்கெனவே அங்கே வாழும் சீனத் தொழிலாளர்கள் வசிப்புச் சான்று வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைது. சான்று ஏன் இல்லை என்று விளக்கி, இவர் முன்பிருந்தே இங்கே வாழ்ந்தவர்தான் என்று நிரூபிக்க ஒரு வெள்ளைக்காரச் சாட்சியாவது வேண்டும்.

வாங் ஏன் வெள்ளைக்காரர்களைத் தேடிக் கையெழுத்து வாங்கினார் என்று இப்போது புரிகிறதா?

இதில் இன்னொரு முடிச்சு. 1790-லிருந்தே, வெளிநாட்டில் பிறந்து வந்து அமெரிக்கக் குடியுரிமை வாங்க வேண்டுமானால் அவர் வெள்ளையராக இருக்க வேண்டும். 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். சீனர்களைச் சேர்க்கவில்லை. ஆக, வாங்கின் அப்பா அம்மா எத்தனை வருடம் அங்கே கடை வைத்து வாழ்ந்திருந்தாலும் அமெரிக்கர் ஆகவே முடியாது. சரி, அவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளை?

[திரையில்: 14-ஆவது திருத்தத்தின் கையெழுத்துப் பிரதி.]

இந்தக் கேள்விக்குப் பதில், கறுப்பின மக்களுக்காக எழுதப்பட்ட ஒரு வரியில் இருந்தது. 1857-இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலை கேட்டு நடத்திய வழக்கில், தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்பு எழுதினார்: ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்தவர் அடிமையாக இல்லாவிட்டாலும் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது. அந்த நீதிமன்றத்தின் சரித்திரத்திலேயே மோசமான தீர்ப்பு எது என்று கேட்டால் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் இதைத்தான் கை காட்டுவார்கள். நாலு வருடத்தில் உள்நாட்டுப் போர். போர் முடிந்ததும் அரசியல் சாசனத்தின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-இல் வந்த 14-ஆவது திருத்தம் டானியின் தீர்ப்பைத் துடைத்துப் போட்டது. அமெரிக்காவில் பிறந்து, அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட எல்லோரும் அந்நாட்டின் குடிமக்கள். அவ்வளவுதான் வரி. நிறம், இனம் எதுவும் அதில் இல்லை.

எழுதியவர்கள் சீனர்களை யோசிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1866-இல் செனட்டில் இந்த வரி விவாதத்துக்கு வந்தபோது, பென்சில்வேனியா உறுப்பினர் எட்கர் கோவன் நேராகவே கேட்டார்: கலிபோர்னியாவில் சீனருக்குப் பிறக்கும் குழந்தையும் குடிமகனா? ஆமாம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுந்து பதில் சொன்னவர் கலிபோர்னியா உறுப்பினர் ஜான் கான்னஸ். அவரே அயர்லாந்தில் பிறந்து வந்து குடியேறியவர்.

இருந்தும் முப்பது வருடம் கழித்து அரசு அதே கேள்வியை மறுபடி எழுப்பியது. வாங்கின் பெற்றோர் சீனச் சக்கரவர்த்தியின் குடிகள், ஆகவே பிள்ளையும் அவருக்குக் கட்டுப்பட்டவன், 'அதிகார வரம்புக்கு உட்பட்ட' என்ற சொற்கள் இவனுக்குப் பொருந்தாது. இதுதான் அரசுத் தரப்பு வாதம். சட்டத்துக்கு ஒரு முன்மாதிரி வழக்கு வேண்டும் என்று தேடித்தான் இவரைப் பிடித்தார்கள். சான்பிரான்சிஸ்கோ சீனச் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. வக்கீல் அமர்த்தி, நமக்கு நன்றாகத் தெரிந்த ஆட்கொணர்வு மனுவைத்தான் போட்டார்கள். 1896 ஜனவரியில் கீழ் நீதிமன்றம் வாங் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 250 டாலர் பிணைத்தொகை கட்டி ஒருவழியாகக் கரையேறினார்.

அரசு மேல்முறையீடு செய்தது. 1898 மார்ச் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் வாங் அமெரிக்கக் குடிமகனே என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹொரேஸ் கிரே. அந்த மண்ணில் இருக்கும்வரை அந்த மண்ணின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை, படையெடுத்து வந்து ஊரைப் பிடித்த எதிரியின் பிள்ளை போன்ற சிலருக்குத்தான் விதிவிலக்கு என்றார். அதோடு ஒரு பிடியும் போட்டார்: பெற்றோர் வேறு நாட்டுக் குடிகள் என்பதால் பிள்ளை குடிமகன் இல்லை என்றால், அமெரிக்காவில் பிறந்த ஆயிரக்கணக்கான ஆங்கிலேய, ஸ்காட்டிஷ், ஐரிஷ், ஜெர்மானியப் பிள்ளைகளின் குடியுரிமையும் போய்விடும். தீர்ப்பிலேயே வலுவான இடம் இதுதான் என்பது என் எண்ணம். சீனர்மேல் பெரிய பாசம் இருந்ததாகத் தெரியவில்லை. அவரை வெளியே தள்ளினால் தன் வீட்டுச் சுவரும் சேர்ந்து விழும் என்பது தெரிந்திருந்தது.

மாற்றுத் தீர்ப்பின் பக்கம் நின்ற இருவரில் ஒருவர் ஜான் மார்ஷல் ஹார்லன். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி ரயில் பெட்டி ஒதுக்குவது சரியே என்று 1896-இல் மற்ற நீதிபதிகள் சொன்னபோது, தனியாளாக எதிர்த்தவர். அந்தப் புகழ்பெற்ற எதிர்ப்புரையிலேயே சீன இனத்தைத் தாழ்த்தி ஒரு பத்தி எழுதியிருக்கிறார். மனிதர்கள் இப்படியும் இருக்கிறார்கள்.

[திரையில்: அமெரிக்க வரைபடம். பூர்வகுடி நிலங்கள் நிறமாகின்றன.]

இந்த வரிக்கு வெளியே நின்றவர்கள் யார் தெரியுமா? அந்த மண்ணின் பூர்வகுடிகள். ஜான் எல்க் என்பவர் தன் பழங்குடியை விட்டு வந்து ஒமாஹா நகரில் குடியிருந்தார். வாக்காளராகப் பதியப் போனார், மறுத்தார்கள். 1884-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது: பிறக்கும்போது அவர் பழங்குடி அரசுக்கு உட்பட்டவர், அமெரிக்க அரசுக்கு அல்ல என்று. பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் வர 1924 ஆனது. யாருடைய நிலமோ அவருக்கே கடைசி இடம்.

சீனர் கதைக்கு வருவோம். 1906 ஏப்ரல் 18 விடியற்காலையில் சான்பிரான்சிஸ்கோவில் பூகம்பம், தொடர்ந்து தீ. நகரத்தின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்து போயின. நான் இங்கேதான் பிறந்தேன் என்று ஒரு சீனர் சொன்னால், இல்லை என்று காட்ட அரசிடம் காகிதம் கிடையாது. குடிமகனின் பிள்ளைக்கும் குடியுரிமை உண்டு என்பதால், பிறக்கவே பிறக்காத பிள்ளைகளின் பெயர்கள் பதிவாயின. அந்தப் பெயர்கள் விலைக்குப் போயின. 'காகித மகன்கள்' என்றே பெயர். அரசு விடுமா? 1910-இல் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவில் விசாரணை முகாம் திறந்தது. உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில்? கிணறு எந்தத் திசையில்? தகப்பனிடமும் மகனிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள். பதில் மாறினால் போச்சு. உண்மையான மகனே தடுமாறுவான். பொய் மகன்கள் கப்பலில் வரும்போதே விடைத்தாளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள்.

இந்தியர்களும் தப்பவில்லை. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் தலைப்பாகையோடு பணியாற்றிய பகத் சிங் திண்ட், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். சாதாரண மனிதனின் பார்வையில் இவர் வெள்ளையர் இல்லை என்று 1923-இல் தள்ளிவிட்டார்கள். 1946-இல்தான் இந்தியருக்கு அந்தக் கதவு திறந்தது, அதுவும் குடியேற வருடத்துக்கு 100 பேர் என்ற அளவில். நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965-ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகுதான் இன்று நாம் பார்க்கும் பெருங்கூட்டம் போனது.

அதற்கும் முந்தி 1958-இல் சென்னைக் குடும்பத்துப் பெண் சியாமளா கோபாலன் பெர்க்லிக்குப் படிக்கப் போனார். ஜமைக்காவிலிருந்து படிக்க வந்தவரை மணந்தார். 1964-இல் ஓக்லாந்தில் மகள் பிறந்தாள். வாங் தவித்துக் கிடந்த அதே விரிகுடாவின் எதிர்க்கரை. அந்த மகள் கமலா ஹாரிஸ் பிறந்த அன்றே குடியுரிமை பெற்றது 1898 தீர்ப்பு உறுதி செய்த அதே வரியால்தான்.

[திரையில்: 2025. வெள்ளை மாளிகை, நீதிமன்ற வாசல்.]

2025 ஜனவரி 20, பதவியேற்ற நாளிலேயே அதிபர் டிரம்ப் ஓர் ஆணை போட்டார். தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ இருந்து, தகப்பன் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லாவிட்டால், அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை. எச்-1பி விசாவில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் பிரசவத் தேதியைப் பார்த்துக் கலங்கியது இதனால்தான். கீழ் நீதிமன்றங்கள் அடுத்தடுத்துத் தடை விதித்தன. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இரு தரப்பும் மோதிக்கொண்டது அதே சொற்களில்: 'அதிகார வரம்புக்கு உட்பட்ட'.

வாங் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஜெயித்து நாலு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. 1901-இல் டெக்சாஸின் எல் பாசோ ஊரில் சட்டவிரோதமாக நுழைந்தவர் என்று அவரையே கைது செய்தார்கள். நாட்டுக்கே குடியுரிமைச் சட்டத்தைத் தெளிவாக்கிய ஆள், மறுபடியும் தன்னை நிரூபிக்க வேண்டி வந்தது. 1910-இல் மூத்த மகன் வந்தார். அதிகாரிகள் நம்பவில்லை, திருப்பி அனுப்பினார்கள். பின்னால் வந்த மூன்று மகன்களை ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவை சீனா போகும்போதும் வாங் படிவம் நிரப்பினார், படம் ஒட்டினார், கையெழுத்துப் போட்டார்.

[திரையில்: படிவம் மெல்ல நெருங்கி வருகிறது. மூலையில் ஒரு முதியவரின் படம்.]

இது 1931. வயது அறுபதை ஒட்டி இருக்கும். சீனாவுக்குக் கடைசியாகப் போகிறார், திரும்பி வரவில்லை. படிவத்தின் எண் 430. உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி 33 வருடம் ஆகிறது. மேலே அச்சிட்டிருக்கும் தலைப்பைப் பாருங்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'அமெரிக்கக் குடிமகன் எனச் சொல்லப்படும் சீன இனத்தவரின் விண்ணப்பம்'.