மாலுக்குள்ள ஒரு மியூசியம், பாத்திரத்தால ஒரு அணுகுண்டு!

வணக்கம் மக்களே! டெல்லி சாகேத்ல, ஒரு ஷாப்பிங் மால்ல நிக்கிறேன். எனக்குப் பின்னாடி பாருங்க, எல்லாமே எவர்சில்வர். வாளி, டம்ளர், தட்டு, தூக்குன்னு நம்ம அடுக்களைச் சாமான்தான். கிட்ட வந்தா பாத்திரக்கடை. இருங்க, கேமராவக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறேன்... ஆங், இப்ப தெரியுதா? அணுகுண்டு வெடிச்சா மேல எழும்புமே காளான் புகை, அது! சிற்பி சுபோத் குப்தா 2008ல செஞ்சது. பேரு 'லைன் ஆஃப் கன்ட்ரோல்'. ஆமா, இந்தியா பாகிஸ்தான் நடுவுல இருக்கிற அதே கோடு. 26 டன்னாம். 2009ல லண்டன் டேட் பிரிட்டன் மியூசியத்துல வச்சிருந்தாங்க.

இந்த மியூசியம் கிரண் நாடார் கலெக்‌ஷன். ஹெச்.சி.எல் கம்ப்யூட்டர் கம்பெனி ஷிவ் நாடார் இருக்காருல்ல, நம்ம தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அவரோட மனைவி. மியூசியம் ஆரம்பிச்சது 2010ல. அதே வருஷம் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்துல ஓவியர் எஸ்.ஹெச். ரஸாவோட 'சௌராஷ்டிரா' ஓவியத்த 16 கோடிக்கு மேல குடுத்து எடுத்தாங்க. இன்னிக்கும் எல்லாரும் அந்த விலையத்தான் பேசுறாங்க. எனக்கு அதவிடப் பெருசாப் படுறது, இங்க டிக்கெட்டே கிடையாது. செருப்பு வாங்க வந்தவங்ககூட சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போகலாம்.

காசு இருந்தா ஏலத்துல கை தூக்கிடலாம். வாங்கினத வச்சு என்ன பண்றாங்கங்கறதுதான் விஷயம். 2013ல ஓவியர் நஸ்ரின் முகமதிக்கு ஒரு பெரிய கண்காட்சி போட்டாங்க. படங்களத் தேர்ந்து அடுக்கின க்யூரேட்டர் ரூபினா கரோடே. நஸ்ரின் கையில வெறும் பென்சில், இங்க், ஸ்கேல். முடி கனத்துக்குக் கோடு, அதுக்குப் பக்கத்துல இன்னொரு கோடு, அவ்ளோதான்! நரம்புக் கோளாறு வந்து உடம்பு சொன்னபடி கேக்காத காலத்துலயும் அவங்க கோடு பிசகல. படங்களுக்குத் தலைப்பும் வைக்க மாட்டாங்க. 1990லயே போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்க படங்கள் அப்புறம் மாட்ரிட் ரெய்னா சோஃபியா மியூசியம் போய், 2016ல நியூயார்க்ல மெட் ப்ரூயர் மியூசியம் திறந்தப்ப அங்கயும் மாட்டினாங்க.

விருதா? பிரான்ஸ் அரசாங்கம் கிரண் நாடாருக்கு அவங்க நாட்டோட பெரிய விருதான லீஜியன் ஆஃப் ஹானர் குடுத்திருக்கு. ஆனா நான் வாயப் பொளந்தது வேறொண்ணுக்கு: 2018 ஏசியன் கேம்ஸ்ல வெண்கலம்! சீட்டாட்டம்ங்க, பிரிட்ஜ், கலப்பு அணி.

இந்த மியூசியத்துக்கு ஏர்போர்ட் பக்கத்துல புதுக் கட்டடம் ஒண்ணு வருது, ஆர்க்கிடெக்ட் டேவிட் அட்ஜயே டிசைன். பெருசா வரட்டும். ஆனா இந்தப் பாத்திர மலைய மட்டும் மால்லயே விட்டுட்டா நல்லாருக்கும்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க, கீழ எழுதுங்க. திங்கக்கிழமை லீவு, அன்னிக்கு வந்து நின்னுடாதீங்க!