செக்பொயிண்ட்ல நிப்பாட்டுறது ஆரை? கான்சர் இமியூன் மருந்து பற்றின விளக்கம்

[கோட்டை வாசல், காலமை. ரெண்டு மான் ரோட்டைக் கடக்குது.]

செக்பொயிண்ட் எண்ட சொல்லைக் கேட்டா திருகோணமலை ஆக்களுக்கு என்ன ஞாபகம் வரும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல, மண்மூட்டை, பஸ்ஸால இறங்கி ஐசியைக் கையில பிடிச்சுக்கொண்டு லைன்ல நடக்கிறது. கான்சர் மருந்தில வாற செக்பொயிண்ட் வேற. அங்க நிப்பாட்டுறது போறவாற ஆக்களை இல்ல, காவலுக்கு நிக்கிற ஆளையே. இந்த ஒண்டு பிடிபட்டா மிச்சம் லேசு, அதான் இஞ்ச வந்து நிண்டு கதைக்கிறன்.

போன கிழமை எங்கட ஒழுங்கையில இருக்கிற மாமி ஒராள் கேட்டா, "தம்பி, மாமாக்கு வாயில கான்சர், கீமோ ஏத்துறாங்க, இமியூன் மருந்து எண்டு ஒண்டு இருக்காமே, அது கீமோவை விட ஸ்ட்ரோங்கோ?" எண்டு. நான் சொன்னன், மாமி, அந்த மருந்து கான்சரைக் கொல்லுறதே இல்ல. அவ பாத்த பார்வை இருக்கே, இவன் படிச்சவனோ எண்ட மாதிரி.

[படம்: ரி-செல், அதின்ர மேல சிவப்புப் பட்டன்.]

எங்கட ரத்தத்தில ரி-செல் எண்டு ஒரு வெள்ளை அணு திரியுது, வைரஸ் புகுந்த செல், கெட்டுப்போன செல் எல்லாத்தையும் தடவிப் பாத்து ஆள் சரியில்ல எண்டாக் கொல்லும். அது வெறி பிடிச்சு நல்ல செல்லையும் அடிக்கக் கூடாது தானே, அதுக்காக அதின்ர மேல பிடி-1 எண்டு ஒரு பிரேக் பட்டன் இருக்கு, நான் சொன்ன செக்பொயிண்ட் இது தான். நல்ல செல் பிடி-எல்1 எண்ட புரதத்தை நீட்டி அந்தப் பட்டனை அமத்தும், ரி-செல் அடங்கிடும். கான்சரின்ர கள்ளத்தனம் என்னெண்டா, அதுவும் அதே பிடி-எல்1ஐ தன்ர மேல கனக்க முளைக்க வச்சுக்கொண்டு, கிட்ட வாற காவலாளியை நித்திரையாக்கிப் போடும். மருந்து செய்யிறது அந்தப் பட்டனுக்கு ஒரு மூடி போடுறது மட்டும் தான். அடிக்கிறது எங்கட ரி-செல்.

பிடி-1ஐ 1992ல ஜப்பான்ல தசுக்கு ஹொஞ்சோவின்ர லாப்ல கண்டுபிடிச்சாங்க, அவங்க தேடினது செல் எப்பிடிச் சாகுது எண்டத, ஆப்பிட்டது இது. அமெரிக்காவில ஜேம்ஸ் அலிசன் சிடிஎல்ஏ-4 எண்ட இன்னொரு பிரேக்கில வேலை செய்தார், ரெண்டு பேருக்கும் 2018ல நோபல். பிரேக்கை மூடுற முதல் மருந்து இபிலிமுமாப் 2011ல வந்தது, பிடி-1ஐ மூடுற பெம்ப்ரோலிசுமாப் 2014ல. அடுத்த வருசம் அமெரிக்காவின்ர முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு மெலனோமா எண்ட தோல் கான்சர் மூளை வரைக்கும் பரவி இருந்தது, ஓப்பரேசன், ரேடியேசனோட இந்த மருந்தும் ஏத்தினாங்க, மனுசன் 100 வயசு வரைக்கும் இருந்தார்.

இதைக் கேட்டிட்டு எல்லாருக்கும் அப்பிடி எண்டு நினைக்கக் கூடாது. பரவின தலை, கழுத்துக் கான்சருக்கு (வாய்க் கான்சரும் அதில தான் சேரும்) பெம்ப்ரோலிசுமாப்பைத் தனியக் குடுத்தப்ப கட்டி நல்லாச் சுருங்கினது ஏறத்தாழ 6 பேரில ஒராளுக்கு. சில கட்டிக்குள்ள ரி-செல் போறதே இல்ல, ஆளே இல்லாத இடத்தில பட்டனை மூடி என்ன செய்ய?

[படம்: ரெண்டு கை உள்ள மருந்து.]

அதால தான் இப்ப ரெண்டு கை மருந்து. ஒரு கை ரி-செல்லைப் பிடிக்கும், மற்றது கான்சர் செல்லின்ர அடையாளத்தைப் பிடிக்கும், ரெண்டையும் இழுத்து முகத்துக்கு முகம் நிப்பாட்டும். ரத்தக் கான்சருக்கு பிளினாடுமொமாப் 2014லயே வந்திட்டு. சிக்கல் எங்க எண்டா அந்த அடையாளத்தில. பிளினாடுமொமாப் பிடிக்கிற சிடி19 நல்ல பி-செல்லிலயும் (அது இன்னொரு வெள்ளை அணு) இருக்கு, ஆனா பி-செல் இல்லாமச் சமாளிக்கலாம். ஈரல் இல்லாம ஏலுமோ? நுரையீரல் இல்லாம? கட்டிக் கான்சரில இருக்கிற அடையாளம் கனக்க நல்ல உறுப்பிலயும் இருக்கு, புது மருந்து தேடுற ஆக்கள் வருசக்கணக்கா முட்டுற சுவர் இது தான். டிஎல்எல்3 ஒரு நல்ல விதிவிலக்கு, வழமையா செல்லுக்கு உள்ள ஒளிச்சிருக்கிற புரதம், ஒரு வகை நுரையீரல் கான்சரில வீட்டு உடுப்போட ரோட்டுக்கு வந்த மாதிரி வெளிய வந்து நிக்குது. அதைப் பிடிக்கிற டார்லடமாப்புக்கு 2024ல அமெரிக்காவில அனுமதி குடுத்தாங்க.

பிரேக்கை விடுறது ஒண்டு, அக்சிலரேட்டரை மிதிக்கிறது வேற ஒண்டு. 2006ல லண்டன்ல டிஜிஎன்1412 எண்ட மருந்தை சுகமான 6 ஆம்பிளையளுக்கு ஏத்தினாங்க, அது ரி-செல்லை நேரா முடுக்கிற சாமான். மிருகங்களுக்குப் பாதுகாப்பு எண்டு கண்ட அளவில 500ல ஒரு பங்கு தான் குடுத்தது. ஒரு நாளுக்குள்ளயே ஆறு பேரும் ஐசியூவில, உறுப்பெல்லாம் ஒண்டொண்டா விழுந்தது. நல்ல காலம் ஆறு பேரும் தப்பிட்டாங்க. இப்ப இப்பிடி மருந்தெல்லாம் துளி அளவில தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுறது இதால தான். மருந்துக்கு ஒரு முகமூடி போட்டு, கட்டிக்குள்ள இருக்கிற என்சைம் அதை வெட்டினாத் தான் வேலை செய்யிற மாதிரியும் செய்து பாக்கிறாங்க, அது இன்னும் பரிசோதனையில.

பிரேக் மருந்திலயும் பக்கவிளைவு உண்டு, முடி கொட்டுறது மாதிரி இல்ல, தைரொய்ட் பழுதாகும், வயித்தால போகும், நுரையீரல் வீங்கும், சிலருக்கு மருந்து ஏத்தி மாசக்கணக்கா ஆன பிறகும் வரும். வயித்தால போனா சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டில இருக்காதேங்கோ, உடன டொக்டருக்குச் சொல்லுங்கோ.

மாமிக்கு நான் இவ்வளவும் சொல்லேல்ல. ஒரு கேள்வி மட்டும் சொல்லிக் குடுத்தன், "கட்டியில வெட்டி எடுத்த பயொப்சித் துண்டில பிடி-எல்1 பாத்ததோ?" எண்டு கேக்கச் சொல்லி. அவ கிளினிக் கொப்பியின்ர பின் மட்டையில எழுதினா, பக்கத்தில வெத்திலைத் தட்டம் இன்னும் அப்பிடியே இருக்கு (புகையிலை இல்லாட்டியும் வெறும் பாக்கே கான்சர் தாறது எண்டு அதையும் சொன்னன், முகத்தைத் திருப்பிட்டா). எழுதி முடிச்சிட்டுக் கேட்டா,

"அப்ப மாமாட காவலாளி முழிப்போ நித்திரையோ எண்டு அதில தெரியுமோ தம்பி?"

"அரைவாசி தெரியும் மாமி."