மரத்தை வெட்டினால் கொசு போய்விடுமா?

நேயர்களுக்கு வணக்கம். நகரிப் பக்கம் மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொசுவைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் கொக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஏரிக்கரைப் புளியமரத்தில் பொழுது சாய்ந்தால் மடையானும் உண்ணிக்கொக்கும் வந்து அடையும். அடியில் நின்றால் சட்டை பாழ். ஒரு வருஷம் பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு, கொசுவால் பரவுகிற ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று பேச்சு வந்ததும், கொக்குதான் காரணம், மரத்தை வெட்டுவோம் என்று நாலைந்து பேர் கோடாரியோடு வந்துவிட்டார்கள். அதில் ஒரு பெரியவர் விடவே இல்லை. "ஐயா, கொக்கு ரத்தத்தில் அந்த வைரஸ் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

இருக்கும், பெரியவரே. வைரஸ் உள்ள கொசு கடித்த பிறகு சில நாள் இருக்கும், அப்புறம் எதிர்ப்பு சக்தி வந்துவிடும். கொக்குக்கு ஒன்றும் ஆகாது. 1999-ல் நியூயார்க்கில், இதே மாதிரி கொசுவால் பரவுகிற வெஸ்ட் நைல் வைரஸ் பரவியபோது காக்கைகள் செத்து விழுந்தன, ஊரே உஷாரானது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் கொக்கு அப்படி நமக்குத் தகவல் சொல்லாது. சரி, மரத்தை வெட்டினால்? கொக்கு அடுத்த மரத்துக்குப் போகும். கொசு பிறப்பதோ நம் நெல் வயல் தண்ணீரில்.

"அப்போ மாடு?" என்றார். அந்தக் கொசு அதிகம் கடிப்பது மாட்டைத்தான். ஆனால் மாட்டு ரத்தத்தில் வைரஸ் பெருகுவதில்லை. பன்றியில் நன்றாகப் பெருகும். அதனால் பன்றிக் கொட்டிலை வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள் என்றேன். மனிதன் இதில் முட்டுச்சந்து. நம் ரத்தத்தில் கொசு எடுத்துப் போகிற அளவுக்கு வைரஸ் ஏறாது. நோயாளிப் பிள்ளையை ஒதுக்காதீர்கள் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஒதுக்காதீர்கள்.

பெரியவர் கோடாரியைக் கீழே வைத்தார். கூட வந்தவர்கள் ஒரு கிளையை மட்டும் வெட்டிக்கொண்டு போனார்கள், அடுப்புக்கு.

இது எங்கோ நடக்கிற நோய் இல்லை. இந்தியாவில் மனிதரிடம் இதை முதன்முதலில் கண்டறிந்தது 1955-ல், பக்கத்து வேலூரில்தான். நோய் உள்ள மாவட்டங்களில் 9 மாதக் குழந்தைக்கு ஒரு ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று போடுகிறார்கள். இரண்டாவதை மறந்துவிடுகிறோம். மறக்காதீர்கள்.

தவளையைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. 1960-களில் கனடாவில், குதிரைக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஒரு வைரஸைத் தவளைகளிடமிருந்தே பிரித்தெடுத்தார்கள். தவளையின் சத்தத்தைக் கேட்டுத் தேடி வருகிற கொசுக்களும் உண்டு. மீதியை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.