பதின்மூன்று எழுத்துகள்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஜிம் பிரவுன் என்றதும், கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்காக 1957 முதல் 1965 வரை அவர் பந்தோடு ஓடிச் சேர்த்த 12,312 கெஜத்தையே, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் ரசிகர்கள் நினைப்பார்கள். இந்தப் பேச்சில் கால்பந்து என்பது அந்த ஆட்டமே. நான் பேச வந்தது அதற்கு முந்தைய கதை. ஜார்ஜியா மாநிலத்துத் தீவொன்றில் 1936-இல் பிறந்து, 8 வயதில், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வீட்டு வேலை செய்துவந்த தாயிடம் வந்து சேர்ந்து, மன்ஹாசெட் உயர்நிலைப் பள்ளியில் 1953-இல் படிப்பை முடித்த மாணவனின் கதை அது.

அமெரிக்கப் பள்ளிகளில் ஓர் ஆட்டத்தின் முதன்மை அணியில் ஒரு பருவம் சிறப்பாக விளையாடுபவருக்கு, பருவத்துக்கு ஒன்றாகப் பள்ளிப் பெயரின் முதலெழுத்தைத் துணியில் செய்து தருவார்கள். அதை மேலாடையில் தைத்துக்கொள்வது பெருமை. பிரவுன் பெற்றவை 13. அத்தனையையும் தைத்திருந்தால் ஆடையில் இடம் இருந்திருக்காது. இலையுதிர் காலத்தில் கால்பந்து, குளிர்காலத்தில் கூடைப்பந்து என்று முறைவைத்து ஆடலாம். வசந்த காலத்திலோ பேஸ்பால், தடகளம், லக்ராஸ் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். அந்த மூன்றிலும் அவர் இருந்தார். இறுதியாண்டில் கூடைப்பந்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 38 புள்ளிகள் எடுத்தார் என்பதை, பள்ளி ஆட்டம் 32 நிமிடமே என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லக்ராஸ் வட அமெரிக்கப் பூர்வகுடிகள் தந்த ஆட்டம். நுனியில் வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தி, எதிராளிகள் மோதித் தட்டும்போதும் நழுவவிடாமல் ஓட வேண்டும். கால்பந்து வீரனின் தோளும் கூடைப்பந்து வீரனின் கைந்நுணுக்கமும் ஒருங்கே வேண்டிய ஆட்டம் என்பதால், பிரவுனுக்கு இதுவே மிகப் பொருத்தமானது என்பேன்.

ஆயினும் சிராக்யூஸ் பல்கலைக்கழகம் அவருக்கு உதவித்தொகை தரவில்லை. தமக்கு அது கிடைத்துவிட்டதாகவே நம்பி அவர் சென்றார். உண்மையில், அங்கே லக்ராஸ் ஆடியிருந்த கென்னத் மல்லாய் என்ற மன்ஹாசெட் வழக்கறிஞர் ஊராரிடம் திரட்டிய பணமே முதலாண்டுச் செலவைத் தாங்கியது.

பிற்காலத்தில் பெண்களைத் தாக்கியதாக அவர்மீது பலமுறை எழுந்த புகார்களை நான் மறைக்கப் போவதில்லை. மைதானப் புகழ் அவற்றுக்கு ஈடாகாது.

வேண்டாத விருந்தாளியாக நுழைந்த சிராக்யூஸில், 1956-இல் கோல்கேட் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஒரே கால்பந்து ஆட்டத்தில் 43 புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஆண்டு லக்ராஸில் 10 ஆட்டங்களில் 43 கோல்கள் அடித்தார். பள்ளியின் வசந்த காலப் பழக்கமும் அவரை விடவில்லை. 1957 மே மாதத்தில் ஒருநாள், தடகளப் போட்டியில் உயரம் தாண்டுதலிலும் வட்டெறிதலிலும் முதலாவதாகவும் ஈட்டியெறிதலில் இரண்டாவதாகவும் வந்தவர், அன்றே உடைமாற்றிக்கொண்டு, ராணுவக் கல்லூரி அணிக்கு எதிராக லக்ராஸ் ஆட இறங்கினார்.