எதிர் ஜன்னல்

வணக்கம் நேயர்களே. சீனாவின் ஷென்சென் நகரில் புதிதாக யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி, "உங்கள் லாவ்ஜியா எது?" என்பதுதான். லாவ்ஜியா என்றால் சொந்த ஊர். அங்கே பெரும்பாலும் எல்லாருமே வந்து சேர்ந்தவர்கள். 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்தபோது அந்த வட்டாரம் முழுக்கச் சேர்த்தே சுமார் 3 லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் 1 கோடியே 75 லட்சம்!

நாங்கள் 2003இல் போய் இறங்கினோம். என் வீட்டுக்காரருக்கு ஹுவாசியாங்பெய் சந்தையில் எலெக்ட்ரானிக் பாகங்கள் வாங்கி அனுப்பும் வேலை. மகளுக்கு மூன்று வயது. கையிலிருந்த பணத்துக்குப் பாய்ஷிஜோவில்தான் வீடு கிடைத்தது. நகரம் நாலு பக்கமும் வளர்ந்து, நடுவில் மாட்டிக்கொண்ட கிராமம் அது. வயல் போன பிறகு ஊர்க்காரர்கள் தங்கள் மனையிலேயே மாடி மேல் மாடியாகக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். இடைவெளியே கிடையாது. ஜன்னல் வழியே எதிர்வீட்டுக்காரரோடு கைகுலுக்கலாம். அதனால் 'கைகுலுக்கும் கட்டடம்' என்றே அவற்றுக்குப் பெயர்.

எங்கள் எதிர் ஜன்னலில் ஹுனான் மாகாணத்து அம்மா ஒருவர். அந்த ஊர்க்காரர்களுக்குக் காரம் இல்லாமல் சோறு இறங்காது. ஜன்னல் கம்பியில் சிவப்பு மிளகாயைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார். மதியம் ஒரு அரைமணி நேரம் வெயில் அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்க்கும். சரத்தைத் திருப்பித் திருப்பி விடுவார். முதல் வாரமே கம்பி வழியாக ஒரு கை மிளகாயை நீட்டினார். அன்று எங்கள் வீட்டு ரசம் அந்த மிளகாயில்தான். சீனத்தில் அத்தை முறையில் அழைக்க 'ஆயி' என்பார்கள். என் மகளுக்கு அந்தச் சொல் உடனே ஒட்டிக்கொண்டது. எனக்கும்தான். நம் ஊரிலும் ஆயி உண்டே!

அப்புறம் நகரம் ஓட ஆரம்பித்தது. எண்பதுகளில் மூன்று நாளைக்கு ஒரு தளம் என்று 53 மாடி எழுப்பிய ஊர் அல்லவா? 2004 டிசம்பரில் மெட்ரோ வந்தது. முதலில் எங்களுக்குப் பக்கத்து நிறுத்தத்தோடு நின்றது. 2009இல் பாய்ஷிஜோவுக்கே வந்துவிட்டது. 2017 முடிவதற்குள் நகரப் பேருந்துகள் எல்லாமே மின்சாரத்துக்கு மாறின, பதினாறாயிரத்துக்கும் மேல். அந்த அமைதியை நாங்கள் பார்க்கவில்லை, 2016இலேயே கோவைக்குத் திரும்பிவிட்டோம். எங்கள் காதில் இன்னும் இருப்பது அஸ்திவாரத் தூண்களை மண்ணில் அடித்து இறக்கும் பைலிங் இயந்திரத்தின் 'டொம் டொம்'தான். சீனப் புத்தாண்டுக்கு மட்டும் அது நிற்கும். எல்லாரும் லாவ்ஜியாவுக்குப் போய்விட, காய்கறிக் கடைகூட இருக்காது. ஆயி ஊருக்குக் கிளம்பும் முன் முட்டைக்கோசும் முட்டையும் வாங்கி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

2019இல் ஆயி ஒரு புகைப்படம் அனுப்பினார். சுவரில் சிவப்பு மையில் 'ச்சாய்' என்ற எழுத்து. 'இடித்துவிடு' என்று பொருள். ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த இடம் என்பார்கள். கட்டடச் சொந்தக்காரர்களுக்கு இழப்பீடு உண்டு. வாடகைக்கு இருந்தவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆயியின் தங்கை மகன் அவரோடு தங்கி நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். வீடு மாறினால் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? தெருவே அந்தக் கவலையில் இருந்தது. அந்த நகரம் சாதித்ததை எல்லாம் நான் வியந்து பார்த்தவள்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை. அந்த மெட்ரோவில் வேலைக்குப் போனவர்கள் இவர்கள்தானே!

கல்லூரியில் யாராவது சொந்த ஊர் கேட்டால் மகள் ஷென்சென் என்றுதான் சொல்வாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, எந்தக் கம்பி நம் ஜன்னல் என்று வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆயி இப்போது ஷென்செனிலேயே லாங்ஹுவா பக்கம் இருக்கிறார். போன மாதம் மகள் வீடியோவில் கேட்டாள்: "எதிர் ஜன்னலில் யார் ஆயி?"

"ஜன்னலே இல்லையம்மா. எதிரே ரோடுதான். நாள் முழுக்க வெயில், மிளகாய் நன்றாகக் காய்கிறது" என்றார்.