வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அனைத்துக்கும் ஒரே எக்ஸ்டர்னல் டிரைவ்: லினக்ஸில் தேதிவாரியான பேக்கப்

[திரையில்: டெர்மினல். தேதிகளையே பெயராகக் கொண்ட 30 ஃபோல்டர்கள்.]

வணக்கம். திரையில் தெரியும் ஃபோல்டர்களில் எந்தத் தேதியை வேண்டுமானாலும் திறக்கலாம். அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த எல்லா ஃபைல்களும் உள்ளே முழுசாக இருக்கும். ஒரு நாளின் அளவு 200 ஜிபி என்றால், 30 நாளுக்கு 6 டிபி வேண்டும் அல்லவா? இந்த டிரைவின் மொத்தக் கொள்ளளவே 2 டிபிதான். அதிலும் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. இது எப்படி முடிகிறது, இதை உங்கள் வீட்டில் எப்படி அமைப்பது என்று பார்க்கலாம்.

முதலில், தேதிவாரியாக எதற்கு வைக்க வேண்டும்? பெரும்பாலானவர்கள் வாரம் ஒருமுறை டிரைவைச் செருகி, பழைய பிரதியின் மேலேயே புதியதை எழுதிவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால் அந்தப் பிரதி உதவும். ஆனால் முக்கியமான ஒரு ஃபைல் திங்கட்கிழமை கெட்டுப்போய், அது வெள்ளிக்கிழமைதான் உங்கள் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் புதன்கிழமை எடுத்த பிரதி, நல்ல ஃபைலின் மேல் கெட்டதை எழுதியிருக்கும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் இதே கதிதான். ஒரே ஃபைலை இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டும், கிளவுட் சிங்க்கும் இதற்குத் துணைக்கு வராது. ஓர் இடத்தில் அழித்தது உடனே மறு இடத்திலும் அழிந்துவிடும். பின்னால் போய்ப் பார்க்கப் பழைய நாட்கள் இருந்தால்தான் நான் அதை பேக்கப் என்று சொல்வேன்.

[திரையில்: ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர், அதில் எக்ஸ்டர்னல் டிரைவ். மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்து அதை நோக்கி அம்புக்குறிகள்.]

அமைப்பு இப்படி இருக்கும். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓடட்டும். பழைய லேப்டாப்பே போதும். எக்ஸ்டர்னல் டிரைவ் அதில்தான் இருக்கும். மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்து ஃபைல்களை நெட்வொர்க் வழியாக அதுவே இழுத்துக்கொள்ளும். அம்பு எந்தத் திசையில் போகிறது என்பதைக் கவனியுங்கள். மற்ற கம்ப்யூட்டர்கள் டிரைவில் எழுதுவதில்லை, எழுதும் உரிமையும் அவற்றுக்குக் கிடையாது. அவற்றில் ஒன்றுக்குள் ரான்சம்வேர் புகுந்தாலும், டிரைவில் இருக்கும் பழைய நாட்களை அதனால் தொட முடியாது.

சரி, டிரைவைத் தயார் செய்வோம். கடையிலிருந்து வரும் டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கும். நமக்கு வேண்டியது லினக்ஸின் சொந்த ஃபார்மட்டான இஎக்ஸ்டி4. எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸின் அனுமதிகளும் உரிமையாளர் விவரமும் தங்காது. ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர் வைக்கும் ஹார்ட் லிங்க்கும் கிடையாது, நம் வித்தை முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது. ஃபார்மட் செய்வதற்கு முன், இணைந்திருக்கும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை டிரைவைச் செருகாமல் ஒருமுறையும், செருகிய பின் ஒருமுறையும் ஓட்டுங்கள். இரண்டாவது முறை புதிதாக வந்திருக்கும் பெயர்தான் உங்கள் டிரைவ். இங்கே ஓர் எழுத்து மாறினாலும் வேறொரு டிஸ்க் அழிந்துவிடும், அதனால் அவசரப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இஎக்ஸ்டி4 தன் இடத்தில் 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும். 2 டிபியில் அது 100 ஜிபி. பேக்கப் டிரைவுக்கு அந்த ஒதுக்கீடு தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் கட்டளையில் அதைப் பூஜ்யம் ஆக்கிவிடலாம். டிரைவ் தொலைந்தால் வீட்டின் மொத்த ஆவணங்களும் அடுத்தவர் கைக்குப் போய்விடும் என்பதால், ஃபார்மட் செய்யும்போதே, பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் லக்ஸ் என்க்ரிப்ஷனையும் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டு மறந்துபோனால் மீட்க வழியே இல்லை. அதைக் காகிதத்தில் எழுதி, டிரைவ் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.

[திரையில்: ஆர்சிங்க் கட்டளை, ஒவ்வொரு பகுதியும் தனி நிறத்தில்.]

இனி, ஃபைல்களை நகல் எடுக்கும் கட்டளையான ஆர்சிங்க். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்ற இருவர் 1996இல் வெளியிட்ட கருவி இது, இன்றும் இந்த வேலைக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான். ஒவ்வொரு ஃபைலின் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் மட்டும் பார்க்கும். இரண்டும் பொருந்தினால் அந்த ஃபைல் மாறவில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும். லட்சக்கணக்கான ஃபைல்கள் இருந்தாலும் தினசரி ஓட்டம் சீக்கிரம் முடிவது இதனால்தான். மைனஸ் ஏ என்று கொடுத்தால் அனுமதிகளும் நேரங்களும், ரூட்டாக ஓட்டினால் உரிமையாளர் விவரமும் அப்படியே வரும். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் ஃபோல்டரும் சேர்ந்தே போகும். சந்தேகம் இருந்தால் டிரை-ரன் என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் காட்டும்.

இப்போது திரையில் சிவப்பாக இருக்கும் பகுதி, லிங்க்-டெஸ்ட். நேற்றைய தேதி ஃபோல்டரை இங்கே கொடுக்கிறோம். ஒரு ஃபைல் நேற்றிலிருந்து மாறவில்லை என்றால், ஆர்சிங்க் அதை மறுபடி நகல் எடுக்காது. டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் அதே ஃபைலுக்கு இன்றைய ஃபோல்டரில் இன்னொரு பெயர் வைத்துவிடும். ஒரே வீட்டுக்கு இன்னொரு வாசல் வைப்பது மாதிரி. அதுதான் ஹார்ட் லிங்க்.

[திரையில்: இரண்டு தேதி ஃபோல்டர்களில் ஒரே படத்தின் மேல் எல்எஸ் கட்டளை.]

இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். 1ஆம் தேதி ஃபோல்டரில் ஒரு பிறந்தநாள் படம். 30ஆம் தேதி ஃபோல்டரிலும் அதே படம். எல்எஸ் கட்டளையை மைனஸ் எல்ஐ என்று கொடுத்தால், வரியின் தொடக்கத்தில் வரும் எண் ஐநோட் எண், அதாவது டிஸ்க்கில் அந்த ஃபைலின் அடையாள எண். இரண்டு வரியிலும் அது ஒன்றேதான், ஆக டிஸ்க்கில் படம் ஒருமுறைதான் இருக்கிறது. அனுமதிகளுக்குப் பக்கத்தில் 30 என்று இருக்கிறதே, அது இந்தப் படத்துக்கு இருக்கும் பெயர்களின் எண்ணிக்கை. 1ஆம் தேதி ஃபோல்டரை முழுசாக அழித்தால் அது 29 ஆகும், படம் போகாது. கடைசிப் பெயரும் அழியும்போதுதான் அந்த இடம் விடுபடும். அதனால் இடம் குறையும்போது எந்தத் தேதியையும் தயங்காமல் அழிக்கலாம். மற்ற நாட்கள் முழுசாகவே இருக்கும்.

லிங்க்-டெஸ்டில் முழுப் பாதையையும் கொடுங்கள். அரைப் பாதை கொடுத்தால், நீங்கள் இப்போது நிற்கும் ஃபோல்டரிலிருந்து தேடாது, போய்ச் சேரும் ஃபோல்டரிலிருந்து தேடும். கிடைக்கவில்லை என்றால் ஒரு எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு, 200 ஜிபியையும் மறுபடி நகல் எடுத்துவிடும். சரியாக நடந்ததா என்று பார்க்க, இடத்தை அளக்கும் டியூ கட்டளைக்கு நேற்றைய ஃபோல்டரையும் இன்றையதையும் ஒன்றாகக் கொடுங்கள். முதலாவது பெரிய எண்ணாகவும் இரண்டாவது மிகச் சிறியதாகவும் வர வேண்டும்.

இதற்கு வரம்புகளும் உண்டு. ஃபைலின் பெயரை மாற்றினாலோ வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ, ஆர்சிங்க்குக்கு அது புது ஃபைல்தான். தினமும் கொஞ்சம் மாறும் 40 ஜிபி விர்ச்சுவல் மெஷின் ஃபைல் இருந்தால் அது தினமும் முழுசாக நகலாகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, ஃபைலைத் துண்டு துண்டாகப் பார்த்து மாறியதை மட்டும் சேர்க்கும் போர்க் அல்லது ரெஸ்டிக் பொருத்தம். அப்புறம், 30 பெயருக்குப் பின்னால் ஃபைல் ஒன்றுதான். டிஸ்க்கில் அந்த இடம் பழுதானால் 30 நாளும் சேர்ந்தே பழுதாகும். இரண்டாவது டிரைவ் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை அதிலும் எடுத்து, வீட்டுக்கு வெளியே நம்பகமான இடத்தில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

[திரையில்: மூன்று கம்ப்யூட்டர்கள்.]

மற்ற லினக்ஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக இழுக்கலாம். பாஸ்வேர்டு கேட்காதபடி சாவி அமைத்துக்கொள்ளுங்கள். மேக்கில் ரிமோட் லாகினை இயக்கினால் அதே முறை நடக்கும். விண்டோஸில் யூசர் ஃபோல்டரைப் பகிர்ந்து, லினக்ஸில் அதைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்யுங்கள், அதாவது ஒரு ஃபோல்டராக இணையுங்கள். திறந்திருக்கும் அவுட்லுக் ஃபைல் பூட்டப்பட்டிருக்கும் என்பதால், அந்த நேரத்தில் அவுட்லுக்கை மூடச் சொல்ல வேண்டும். கேஷ் ஃபோல்டர்களையும் குப்பைத்தொட்டியையும் விலக்கிவிடலாம்.

இனி தானாக ஓடவைக்கும் ஸ்கிரிப்ட். இதில் ஒரு பொறி இருக்கிறது. டிரைவ் மவுண்ட் ஆகாத நாளிலும், அது மவுண்ட் ஆக வேண்டிய ஃபோல்டர் சாதாரணக் காலி ஃபோல்டராக அங்கேதான் இருக்கும். ஆர்சிங்க் எந்த வித்தியாசமும் பார்க்காமல் அதற்குள் எழுதத் தொடங்கும். உங்கள் சிஸ்டம் டிஸ்க் நிரம்பும், பேக்கப்போ எக்ஸ்டர்னல் டிரைவில் இருக்காது. அதனால் ஸ்கிரிப்டின் முதல் வேலையாக மவுண்ட்பாயிண்ட் கட்டளையை ஓட்டி, டிரைவ் இல்லை என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கூடுதல் பாதுகாப்புக்கு, டிரைவ் இல்லாதபோது அந்தக் காலி ஃபோல்டரின் மேல் சிஹெச்ஏடிடிஆர் பிளஸ் ஐ கொடுத்துவிடுங்கள். அதற்குள் ரூட்டாலும் எழுத முடியாது, டிரைவை அதன் மேல் மவுண்ட் செய்யவும் தடை இல்லை. எந்த டிரைவ் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், டிரைவை அதன் யூயூஐடி என்ற அடையாள எண்ணைக் கொண்டு குறியுங்கள், நோஃபெயிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரைவ் செருகாத நாளிலும் கம்ப்யூட்டர் ஒழுங்காக பூட் ஆகும்.

நகல் ஓடும்போது ஃபோல்டருக்கு “நடப்பு” என்று பெயர் இருக்கட்டும். ஆர்சிங்க் பூஜ்யம், அதாவது பிழை இல்லை, என்று முடிவு சொன்ன பிறகுதான் தேதிப் பெயருக்கு மாற்ற வேண்டும். பாதியில் நின்ற ஓட்டம் முழு நாளாக வேஷம் போடாது. 24 என்ற முடிவு வந்தாலும் பெயரை மாற்றலாம், பயப்பட வேண்டாம், நகல் எடுக்கும் நேரத்தில் சில ஃபைல்கள் மறைந்துவிட்டன என்று அர்த்தம், பயன்பாட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் அது சகஜம். தினசரி ஓட்டத்துக்கு, குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் சிஸ்டம்டி டைமர். அதில் பெர்சிஸ்டன்ட்டை ட்ரூ என்று வைத்தால், குறித்த நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் அடுத்து போட்டதும் ஓடும்.

ஸ்கிரிப்ட் எழுத விருப்பம் இல்லாதவர்களுக்கு பேக் இன் டைம் என்ற மென்பொருள் இருக்கிறது. உள்ளே இதே ஆர்சிங்க், இதே ஹார்ட் லிங்க். டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது சிஸ்டம் ஃபைல்களுக்கானது, நாமாகச் சொன்னால் ஒழிய ஹோம் ஃபோல்டரைச் சேர்க்காது.

[திரையில்: காலியான சோதனை ஃபோல்டர், அதற்குள் திரும்பி வரும் ஃபைல்கள்.]

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டுப் பாருங்கள். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லைவ் யூஎஸ்பியில் லினக்ஸை பூட் செய்து, டிரைவைச் செருகி, காகிதத்தில் இருக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்துத் திறந்து, ஒரு படம், ஒரு ஆவணம், ஒரு முழு ஃபோல்டர் என்று வெளியே நகல் எடுங்கள். தேதி ஃபோல்டருக்குள்ளேயே எதையும் திறந்து திருத்தாதீர்கள். சில மென்பொருள்கள் இருக்கும் ஃபைலின் மேலேயே எழுதும், அப்போது அந்தத் திருத்தம் 30 நாளிலும் ஏறிவிடும். வெளியே எடுத்த ஃபைல்கள் ஒழுங்காகத் திறந்தால், டிரைவை அன்மவுண்ட் செய்து, கட்டளை முடியும்வரை காத்திருந்து பிறகு கழற்றுங்கள்.