முதல் எஸ்யூவிக்கு ஏன் இந்த விலை?

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் கார் மட்டுமே செய்து பேர் வாங்கிய ஒரு நிறுவனம் முதன்முறையாக எஸ்யூவி செய்யப்போகிறது என்று செய்தி வந்தால் போதும், கார் பிரியர்களுக்கு இருப்புக்கொள்ளாது. உருவம் தெரியாதபடி உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோலங்கள் ஒட்டிய சோதனை வண்டியின் படங்கள் முதலில் வரும். அடுத்து என்ஜினைப் பற்றிய வதந்திகள். கடைசியில் விலை. விலை வெளியான அன்றே பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். "இந்தப் பேருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்" என்பார்கள் சிலர். "வெறும் பேருக்கா இவ்வளவு?" என்பார்கள் மற்றவர்கள். பல ஆண்டுகளாக இதைக் கேட்டுவருகிறேன். இரு தரப்பும் பேரைப் பிடித்துக்கொண்டே பேசுகின்றன. நான் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்விகள். அந்தக் கார் யாருடைய அடித்தளத்தின் மேல் நிற்கிறது? ஆண்டுக்கு எத்தனை விற்கப்போகிறார்கள்? இவை தெரியாமல் விலை கூடுதலா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடித்தளம் என்று நான் சொல்வது பிளாட்ஃபார்மை. உங்கள் கண்ணுக்குப் படாத பகுதி அது. காரின் தரை, சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு, என்ஜின் உட்காரும் இடம், உள்ளே ஓடும் வயர்கள், மோதினால் நசுங்கி உயிரைக் காக்கும் எலும்புக்கூடு எல்லாம் அதில் அடக்கம். இதைப் புதிதாக உருவாக்குவதில்தான் பெரும்பணம் போகிறது. ஆயிரம் கார் விற்றாலும் லட்சம் கார் விற்றாலும் மோதல் சோதனை அதேதான், புகைச் சோதனை அதேதான், பனியிலும் பாலைவனத்திலும் ஓட்டிப்பார்க்கும் செலவும் அதேதான். விற்பனை குறைந்தால் ஒவ்வொரு காரின் தலையிலும் விழும் பங்கு கூடும். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு சில நிறுவனங்களை வாழவைத்திருக்கிறது, சிலவற்றைத் தள்ளாடவும் வைத்திருக்கிறது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் லம்போர்கினி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையைப் பலரும் 2017-இல் வந்த உருஸ் எஸ்யூவியிலிருந்து தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கம். உருஸுக்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1977-இல், ஜெனீவா கண்காட்சியில் லம்போர்கினி சீட்டா என்றொரு வண்டியை வைத்தது. கதவுகூட இல்லாத ராணுவ வண்டி. அமெரிக்கப் படைக்கு விற்கலாம் என்று கனவு. அதில் கிரைஸ்லர் நிறுவனத்தின் வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின், அதுவும் பின்பக்கத்தில். கனமான என்ஜின் வாலில் தொங்கினால் கரடுமுரடான பாதையில் வண்டி எப்படிச் சொன்னபடி கேட்கும்? ராணுவ ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் நிறுவனத்தின் கையிலும் பணம் இல்லை. 1970-களின் முடிவில் லம்போர்கினி திவால் நிலைக்கே போனது.

வேறு யாராவது என்றால் அந்த எண்ணத்தையே குப்பையில் போட்டிருப்பார்கள். இவர்கள் விடவில்லை. 1981-இல் மீண்டும் ஒரு மாதிரி, அதிலும் என்ஜின் பின்னால்தான். பிறகுதான் என்ஜினை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். எந்த என்ஜின் தெரியுமா? கவுன்டாக் ஸ்போர்ட்ஸ் காரின் வி12! அப்படி 1986-இல் விற்பனைக்கு வந்தது எல்எம்002. பெட்ரோல் டாங்க் மட்டும் 290 லிட்டர். மணலில் ஓடுவதற்கென்றே அதற்குத் தனியாக டயர் செய்துகொடுத்தது பிரெல்லி. அந்த வண்டியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். யாருடைய அடித்தளத்தையும் கடன் வாங்காமல், தன் கையால், தன் என்ஜினை வைத்துச் செய்த வண்டி அது.

சரி, எத்தனை விற்றது? 1990-களின் தொடக்கம் வரை செய்தார்கள். மொத்தமே ஏறக்குறைய 300.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 300. இப்போது போர்ஷேவுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவோம்.

1990-களின் தொடக்கத்தில் போர்ஷே நட்டத்தில் தவித்துக்கொண்டிருந்தது. வென்டலின் வீடெகிங் தலைமைக்கு வந்து செலவைக் கட்டுப்படுத்தினார். 1996-இல் பாக்ஸ்டர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது, நிறுவனம் மூச்சுவிட்டது. அதன் பிறகும் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் நம்பியிருந்தால் அடுத்த மந்தநிலையில் மறுபடியும் இதே கதிதான். அதனால் எஸ்யூவி செய்ய முடிவெடுத்தார்கள். ஆனால் தனியாகச் செய்யவில்லை. ஃபோக்ஸ்வாகனோடு சேர்ந்து அடித்தளத்தை உருவாக்கினார்கள். அதே அடித்தளத்தில் ஃபோக்ஸ்வாகன் டுவாரெக் வந்தது, போர்ஷே கயென் வந்தது. இரண்டும் 2002-இல். போர்ஷே ரசிகர்கள் கொதித்தார்கள். "டுவாரெக்குக்குப் போர்ஷே முத்திரை குத்தி இந்த விலையா?" என்பதுதான் அன்றைய பெரிய சந்தேகம். நியாயமான சந்தேகம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கயென் டர்போவின் 450 குதிரைத்திறன் வி8 என்ஜின் போர்ஷேயின் சொந்தத் தயாரிப்பு. சாலையில் அது வளைந்து திரும்பிய விதமும் போர்ஷேக்காரர்கள் உட்கார்ந்து சரிசெய்தது. வாங்கியவர்கள் அதை உணர்ந்தார்கள். 2020-இல் பத்து லட்சமாவது கயென் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. கயென் கொடுத்த பணத்தில்தான் போர்ஷேயின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரான 911 இன்றுவரை செழிப்பாக இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது உருஸுக்கு வருவோம். 1998 முதல் லம்போர்கினி ஆடியின் கையில், அதாவது ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்குள். உருஸின் அடித்தளம் ஆடி க்யூ7, பென்ட்லி பென்டேகா, பிந்தைய கயென் ஆகியவற்றோடு பகிர்ந்துகொண்டது. வந்தபோது அமெரிக்காவில் அதன் தொடக்க விலை சுமார் 2 லட்சம் டாலர். 650 குதிரைத்திறன், மணிக்கு 305 கிலோமீட்டர். 2017-இல் லம்போர்கினி எல்லா மாடலும் சேர்த்து உலகம் முழுவதும் விற்றது 3,815 கார். 2019-இல் 8,205. அதில் உருஸ் மட்டும் 4,962. எல்எம்002 தன் வாழ்நாள் முழுவதும் 300. உருஸ் ஒரே ஆண்டில் 4,962. இரண்டிலும் அதே காளை முத்திரைதான், ஆகவே பேரை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. அடித்தளத்தின் செலவை நாலைந்து மாடல்கள் பங்குபோட்டுக்கொண்டதால்தான் உருஸை இந்த விலைக்கு, இத்தனை எண்ணிக்கையில் கொடுக்க முடிந்தது. மனதுக்கு எல்எம்002 பிடிக்கிறது. ஆனால் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது உருஸ். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் அதுதான் உண்மை.

பகிர்ந்துகொள்ள யாரும் இல்லாத நிறுவனம் என்ன செய்யும்? ஆஸ்டன் மார்ட்டினைப் பாருங்கள். முதல் எஸ்யூவியான டிபிஎக்ஸுக்கு அலுமினியத்தில் தனி அடித்தளம் செய்தார்கள். வேல்ஸில் செயின்ட் ஆத்தனில், விமானப்படைத் தளமாக இருந்த இடத்தில், அதற்கெனத் தனித் தொழிற்சாலை. என்ஜின் மட்டும் மெர்சிடிஸின் அதிவேகக் கார்ப் பிரிவான ஏஎம்ஜியிடமிருந்து. 2018 அக்டோபரில், ஒரு பங்கு 19 பவுண்டு என்ற விலையில், பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம் அது. ஓராண்டு கழித்து, 2019 நவம்பரில், 1,58,000 பவுண்டு விலையில் டிபிஎக்ஸை அறிமுகப்படுத்தியபோது பங்கு விலை பாதாளத்தில் கிடந்தது. காரை வாங்கக் காத்திருந்தவர்களுக்கே, கார் கைக்கு வரும்போது நிறுவனம் இருக்குமா என்ற பயம். 2020 தொடக்கத்தில் கனடாத் தொழிலதிபர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையில் முதலீட்டாளர்கள் வந்து பணம் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அந்த 1,58,000 பவுண்டு ஆணவத்தில் வைத்த விலை இல்லை. செலவைத் தனியாகச் சுமந்த ஒரு நிறுவனத்தின் விலை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த விலையைக் கேலி செய்தவர்களில் பெரும்பாலோர் அடித்தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2021-இல் ஆஸ்டன் மார்ட்டின் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி டிபிஎக்ஸ்.

ஃபெராரி வேறொரு வழியில் போனது. அங்கே எஸ்யூவி வர வேண்டுமானால் முதலில் என்னைச் சுட வேண்டும் என்று சொன்னவர் தலைவர் செர்ஜியோ மார்க்கியோனே. பிறகு அவரே மனம் மாறினார். 2018-இல் அவர் காலமானார், கார் 2022 செப்டம்பரில் வந்தது: புரோசாங்குவே. சொந்த அடித்தளம், 725 குதிரைத்திறன் தரும் டர்போ இல்லாத சொந்த வி12. அப்போது இத்தாலியில் தொடக்க விலை 3,90,000 யூரோ. உருஸைப் போல இரண்டு மடங்கு! அதோடு, மொத்த உற்பத்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதைச் செய்யமாட்டோம் என்று தாங்களே வரம்பு போட்டுக்கொண்டார்கள். பகிரவும் மாட்டோம், பெருக்கவும் மாட்டோம் என்றால் விலை அங்கேதான் போய் நிற்கும். ஆனாலும் சில மாதங்களிலேயே புதிய முன்பதிவை நிறுத்திவைக்கும் அளவுக்குக் கூட்டம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நான் சொன்னவை எல்லாம் தொடக்க விலை. நிறம், சக்கரம், இருக்கைத் தோல், கார்பன் ஃபைபர் அலங்காரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க இறுதி பில் வேறாக இருக்கும். அறிவிப்பில் வரும் எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு கார்களை ஒப்பிடாதீர்கள்.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். மின்சார எஸ்யூவிகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒரே ஒரு செய்தி மட்டும். எடை குறைந்த கார்களுக்குப் பேர்போன லோட்டஸ், தன் முதல் எஸ்யூவியான எலெட்ராவை 2022-இல் முழு மின்சாரக் காராகவே கொண்டுவந்தது. சீனாவில், வூஹானில் தயாராகிறது. அதில் பாட்டரிதான் அடித்தளத்தின் பெரும் செலவு. அப்படிப்பட்ட காருக்கு விலை சொல்லும்போது, பாட்டரி யாருடையது, அதே பாட்டரி வேறு எத்தனை கார்களில் போகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.